சந்நிதிக்குச் செல்லும் சாலை

திருவாரூர் தியாகராஜ சுவாமி திருக்கோயிலுக்கு வெளியே கல்லால் வடித்த தேர் ஒன்றை இன்றும் காணலாம். மனுநீதிச் சோழனின் வரலாற்றை நினைவூட்டும் தேர் அது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் அவ்வரலாற்றை விரித்துரைக்கிறார். அரச குமாரன் படை சூழத் தேரேறி வீதியில் வருகிறான். பசுவின் இளங்கன்று ஒன்று யாரும் அறியாவண்ணம் கூட்டத்தினூடே துள்ளி வந்து, தேர்க்காலில் அகப்பட்டு உயிர் துறக்கிறது. தாய்ப்பசு கண்ணீர் பெருக்கியபடி அரண்மனை வாயிலை அடைந்து, ஆராய்ச்சி மணியைத் தன் கொம்பினால் அசைக்கிறது.

நடந்ததை அமைச்சர் மன்னனிடம் எடுத்துரைக்கும் முறை கவனிக்கத்தக்கது. இளவரசன் வேண்டுமென்று செய்தது அன்று. கன்று தானே வந்து தேர்க்காலில் புகுந்தது என்பதே அவர் கூற்றின் சாரம். சாத்திரம் சொல்லும் கழுவாயைச் செய்தால் போதும் என்றும் அமைச்சர்கள் ஆலோசனை கூறுகின்றனர். மன்னன் அதை ஏற்கவில்லை. தேரில் சென்றவன் வலியவன். வீதியில் வந்த கன்று எளியது. வலியவனே எளிய உயிரைக் காக்கக் கடமைப்பட்டவன் என்பது அவன் கண்ட நீதி. தன் மைந்தன்மீது தானே தேரைச் செலுத்த அவன் துணிந்தபோது வீதிவிடங்கப் பெருமான் விடைமேல் எழுந்தருளிக் காட்சி தந்தார். கன்றும் மைந்தனும் மாண்ட அமைச்சரும் உயிர் பெற்று எழுந்தனர்.

இது வீதியில் நடந்த விபத்து ஒன்றின் கதை. அந்த நோக்கில் இதை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. இன்று சாலையைக் கடக்கும் முதியவர்மீது வாகனம் மோதினால், சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பெரியவர் பார்த்து வரக்கூடாதா?" என்பதே. அமைச்சர் அன்று சொன்ன சொல்லே இன்று ஊரார் வாயில் ஒலிக்கிறது. மன்னன் கேட்ட கேள்வியைக் கேட்பவர் அரியராகிவிட்டனர்.

நாளொன்றுக்குத் தொண்ணூறு உயிர்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தால் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர் என்பது இதன் பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், உலகெங்கும் ஆண்டுதோறும் சாலை விபத்துகளில் இறப்போர் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பாதசாரிகளே.

கோயிலுக்குச் செல்வோரில் பெரும் பகுதியினர் நடந்து செல்பவர்கள். அவர்களில் மிகுதியானோர் முதியோர். விசுவரூப தரிசனத்துக்கும் மார்கழித் திருப்பள்ளியெழுச்சிக்கும் இருள் பிரியாத வேளையில் புறப்படுகிறார்கள். பிரதோஷத்துக்கும் சாயரட்சைக்கும் அலுவலகம் விட்டு வாகனங்கள் பெருகும் நேரத்தில் சாலையைக் கடக்கிறார்கள். கையில் அர்ச்சனைக் கூடை இருக்கிறது. காலில் பலருக்குச் செருப்பு இருப்பதில்லை. மயிலாப்பூரில் கபாலீசுவரரைத் தரிசிக்க வருவோர் ராமகிருஷ்ண மடம் சாலையையோ கச்சேரி சாலையையோ கடந்தாக வேண்டும். மெட்ரோ ரயில் பணிகளால் அப்பகுதியில் வழிகள் மாறியிருப்பதால், பல்லாண்டு பழகிய கால்களுக்கும் தடுமாற்றம் நேர்கிறது. வடபழனி முருகனைக் காண வருவோருக்கு ஆற்காடு சாலை குறுக்கே நிற்கிறது. ஊர் எதுவாயினும் சந்நிதிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சாலை இருக்கிறது. அதைக் கடப்பதே பயணத்தின் கடினமான பகுதியாகிவிட்டது.

இதனால் மற்றோர் இழப்பும் நேர்கிறது. சாலைக்கு அஞ்சிக் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்ட முதியோர் பலர். எந்தக் கணக்கேட்டிலும் அவர்கள் இடம்பெறுவதில்லை. நாள்தோறும் நடந்த நடையும், சந்நிதியில் கண்ட முகங்களும், பிராகாரத்தில் பேசிய பேச்சும் அவர்களுக்கு இல்லாமல் போகின்றன. உடலும் மனமும் ஒருசேரத் தளர்வதற்கு அது போதுமான காரணம்.

வினாடிகளின் கணக்கு

முதியோர் சாலையைக் கடக்கத் திணறுவதற்கு அவர்களுடைய கவனக் குறைவே காரணம் என்று கருதுவது பிழை. எளிய கணக்கு ஒன்று இதை விளக்கும். சாலைப் பொறியாளர்கள் சிக்னலில் நடப்போருக்கான நேரத்தை வகுக்கும்போது, ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று பொதுவாகக் கொள்கின்றனர். 20 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க அந்த நடைக்கு 17 வினாடி போதும். முழங்கால் வலியோடு வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு 25 வினாடி தேவை. 17-ஆவது வினாடியில் பச்சை விளக்கு அணையும்போது, அவர் கடக்க வேண்டிய தூரம் இன்னும் 6 மீட்டருக்கு மேல் எஞ்சியிருக்கும். அவர் சரியான நேரத்தில் புறப்பட்டார், நேராக நடந்தார், எங்கும் நிற்கவில்லை. ஆயினும் நடுச்சாலையில் அகப்பட்டார். இங்கே பிழை அவருடைய கால்களில் இல்லை. அவருக்கென வகுத்த கணக்கில் இருக்கிறது.

இதை உணர்ந்துதான் அமெரிக்காவில் வினாடிக்கு 4 அடி என்றிருந்த கணக்கை 2009-ல் 3.5 அடியாகக் குறைத்தனர். முதியோர் மிகுதியாகக் கடக்கும் இடங்களில் அதனினும் குறைத்துக் கொள்வதே அறிவுடைமை.

வயது ஏற ஏற வேறு சில மாற்றங்களும் நிகழ்கின்றன. கண்புரை வளர்ந்தவருக்கு எதிரே வரும் விளக்கின் ஒளி சிதறித் தெரியும். வாகனம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது விளங்காது. செவித்திறன் குறைந்தவருக்குப் பின்னால் வரும் வண்டியின் ஓசை எட்டாது. ஓசையே எழுப்பாத மின்சார வண்டிகள் பெருகிவிட்ட நாளில் இது கூடுதல் ஆபத்து. கழுத்தைத் திருப்பி இருபுறமும் பார்ப்பது தேய்மானம் கண்ட எலும்புகளுக்கு எளிதன்று. வாகனத்தின் தூரம் தெரிந்தாலும் அதன் வேகத்தைக் கணிப்பது முதுமையில் தவறிப்போகிறது. இவையனைத்தும் இயற்கையின் விளைவுகள். சாலையை அமைப்பவரும் வாகனத்தைச் செலுத்துபவரும் இவற்றை எண்ணியே நடந்துகொள்ள வேண்டும்.

வேகமே முதற்பகை

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை அடைய ஒன்றரை வினாடி ஆகும் என்று கொண்டால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 21 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்த பின் உலர்ந்த சாலையில் நிற்பதற்கு மேலும் 14 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 35 மீட்டர். அதே கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 18 மீட்டருக்குள் நின்றுவிடும். இருபது மீட்டர் முன்னால் ஒரு பாட்டி கடக்கிறார் என்றால், முதற்காரின் ஓட்டுநர் பிரேக்கைத் தொடும்போதே கார் அவரை நெருங்கியிருக்கும். இரண்டாவது கார் அவரைத் தொடாமல் நின்றிருக்கும். மழை பெய்த சாலையில் இந்தத் தூரங்கள் இன்னும் நீளும்.

நடப்போரும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துவது இந்தக் காரணத்தால்தான். சராசரி வேகத்தை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தால் உயிர்ப்பலி கொள்ளும் விபத்துகள் நூற்றுக்கு முப்பது பங்கு குறையலாம் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வேகத்தைக் குறைப்பதால் வாகனத்தில் செல்பவர் இழப்பது சில வினாடிகள்தாம்.

தேரோடும் வீதியின் இலக்கணம்

கோயில் நகரங்களை வகுத்த முன்னோர், வீதியை நடப்பவருக்காகவே அமைத்தனர். தேர் திரும்புவதற்கு ஏற்ற அகலத்தில் மாட வீதிகள் அமைந்தன. மதுரையில் மீனாட்சியம்மன் திருக்கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஒன்றையொன்று சூழ்ந்து வீதிகள் விரிகின்றன. திங்கள்களின் பெயர் தாங்கிய அவ்வீதிகள் திருவிழாவுக்கும் மக்கள் நடமாட்டத்துக்கும் உரியவை. சித்திரை வீதிகளில் இன்று வாகனங்களுக்கு அனுமதி இல்லை. குழந்தையின் கையைப் பற்றிய தாயும் கோல் ஊன்றிய முதியவரும் அங்கே கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தபடி நடக்க முடிகிறது. வாகனம் புகாவிட்டால் வணிகம் கெடும், வாழ்க்கை நின்றுபோகும் என்ற அச்சத்துக்கு அவ்வீதிகளே விடை.

தேர் என்பதே பெருவாகனம். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டது. அவ்வளவு பெரிய தேர், இழுக்கும் மனிதரின் நடை வேகத்துக்கு மேல் ஓடுவதில்லை. சக்கரங்களின் அருகே முட்டுக்கட்டை போடுவோர் கண்ணிமைக்காமல் உடன் வருகின்றனர். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியோடு அத்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டன. இறைவன் ஏறிவரும் வாகனத்துக்கே தடுக்கும் கட்டை வேண்டும் என்று கருதிய மரபு இது. அந்தத் தேர் செல்லும் வீதியில் கட்டுப்பாடற்று விரையும் இரு சக்கர வாகனம் அந்த மரபுக்குப் பொருந்துமா என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வழிவிடுதல் பழைய அறநூல்களிலும் கடமையாகவே பேசப்படுகிறது. பார்வையற்றோர், முதியோர், சுமையால் வருந்துவோர், கருவுற்ற பெண்டிர், மெலிந்தோர் ஆகியோருக்கு வழிவிட வேண்டும் என்று பௌதாயன தர்ம சூத்திரம் விதிக்கிறது. வழிநடப்போருக்குத் தொண்டு செய்வது தமிழகத்தில் பெரும்புண்ணியமாகக் கருதப்பட்டது. திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரின் திருப்பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். பேறுகாலத்தில் உயிர்நீத்த பெண்களின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி அதை இறக்கி வைத்து இளைப்பாற வேண்டும் என்ற பரிவில் பிறந்தவை அக்கற்கள்.

சட்டம் யார் பக்கம்?

இன்றைய சட்டமும் நடப்பவரின் பக்கமே நிற்கிறது. சிக்னலோ காவலரோ இல்லாத கடவுக் கோடுகளில், நடந்து கடப்பவருக்கு வாகனங்கள் வழிவிட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் உள்ள விதி. நடைபாதையில் வாகனத்தை நிறுத்துவதும் குற்றமே. வெள்ளைக் கோட்டின்மீது நிற்கும் வண்டியைச் சுற்றிக்கொண்டு முதியவர் நடக்க நேர்ந்தால், விதியை மீறியவர் வண்டியில் இருப்பவர்தான்.

நடைபாதை பற்றிய முக்கியமான தீர்ப்பு ஒன்றுக்குக் காரணமாக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்தவர். கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2025-ஆம் ஆண்டு மே மாதம் பிறப்பித்த உத்தரவில், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நடைபாதை என்பது அரசு விரும்பினால் தரும் சலுகை அன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

அந்த நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் இலக்கணம் உண்டு. குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையின்றி நடக்க இடம் வேண்டும். விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு, அதாவது அரை அடிக்கு மிகக்கூடாது என்று இந்தியச் சாலைகள் காங்கிரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஒன்றரை அடி உயரத்தில் கட்டிய நடைபாதை முதியோருக்குப் பயன்படாது. ஏறவும் இறங்கவும் இயலாதவர்கள் வேறு வழியின்றிச் சாலையிலேயே நடக்கிறார்கள். பிறகு அவர்கள் நடைபாதையைப் பயன்படுத்துவதில்லை என்ற பழியும் அவர்கள்மீதே விழுகிறது.

கைகொடுத்த முயற்சிகள்

செலவு மிகுந்த திட்டங்களால்தான் சாலையைச் செம்மைப்படுத்த முடியும் என்பதில்லை. அகன்ற சாலையின் நடுவே, இருவர் மூவர் நின்று மூச்சு வாங்கும் அளவுக்குத் திட்டு ஒன்று அமைத்தால், ஒரே மூச்சில் 20 மீட்டர் கடக்க வேண்டிய கட்டாயம் நீங்குகிறது. ஒரு நேரத்தில் ஒரு திசையிலிருந்து வரும் வாகனங்களை மட்டும் கவனித்தால் போதும். கடவுக் கோடு உள்ள இடத்தில் சாலையை நடைபாதையின் உயரத்துக்கு மேடாக்கினால், அதுவே வேகத்தடையாகவும் அமைகிறது. முதியவர் இறங்கி ஏறாமல் சமதளத்தில் நடக்கிறார். கடவுக் கோட்டுக்கு முன்னும் பின்னும் வாகனம் நிறுத்துவதைத் தடுத்தால், வருபவரை ஓட்டுநரும் ஓட்டுநரை வருபவரும் காண முடியும். கோட்டின்மீது நல்ல விளக்கொளி விழுந்தால் விடியற்காலைப் பயணம் பாதுகாப்பாகும்.

சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை வகுத்தது. நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முதலிடம் தருவது அதன் நோக்கம். தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதைகளும் அமர்வதற்கு இருக்கைகளும் கொண்ட நடைபாதை வளாகம் 2019-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை 2023-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அதில் லிப்ட் வசதி உண்டு. படிகள் மட்டுமே கொண்ட நடைமேம்பாலம் முழங்கால் தேய்ந்தவருக்கு மலையேற்றம். லிப்ட் இயங்கினால்தான் அது முதியோருக்கும் வழியாகிறது. இயன்றவரை தரைமட்டத்திலேயே கடக்க வழி செய்வதே முதியோருக்கு உகந்தது.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கும் செல்லும் தமிழ் முதியோர் அறிந்த ஏற்பாடு ஒன்று உண்டு. அந்நாட்டில் 2009-ல் தொடங்கிய திட்டத்தின்படி, முதியோர் தங்கள் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை பச்சை விளக்கு கூடுதலாக எரிகிறது. முதியோர் மிகுந்த குடியிருப்புகளில் வேகத்தைக் குறைத்து, நடுத்திட்டு அமைத்து, சாலையை வளைத்து வகுக்கும் வெள்ளி மண்டலத் திட்டம் 2014-ல் தொடங்கியது. சில வினாடிகளைக் கூட்டித் தருவதும் ஓர் அன்னதானம் போன்றதே என்பதை அந்த ஏற்பாடு உணர்த்துகிறது.

கோயிலும் அன்பர்களும் செய்யத்தக்கவை

கோயில் வாசலின் முன்னுள்ள சாலை மாநகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ உரியதாக இருக்கலாம். அதைக் கடந்து வருபவர்கள் கோயிலுக்கு உரியவர்கள். நடைபாதையை அடைத்து நிற்கும் செருப்புக் காப்பிடத்தையும் பூக்கடையையும் சற்று உள்வாங்கி அமைக்க நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம். கடைக்காரரின் பிழைப்பும் கெடாமல், நடப்பவரின் வழியும் அடையாமல் இடம் ஒதுக்குவது இயலாத காரியமன்று. பிரதோஷம், கிருத்திகை, ஏகாதசி, ஆடி வெள்ளி ஆகிய நாட்களில் தொண்டர் இருவர் ஒளிரும் சட்டை அணிந்து, காவல்துறையின் ஒப்புதலோடு கடவுக் கோட்டின் அருகே நின்று முதியோரைக் கடத்திவிடலாம். பந்தல் அமைத்து நீர்மோர் வழங்குவது போல் இதுவும் கைங்கர்யமே.

உபயம் செய்ய விரும்புவோர் சாலையோர இருக்கையையோ, இருள் சூழ்ந்த திருப்பத்தில் ஒரு விளக்கையோ, உரிய துறையின் அனுமதி பெற்று அமைத்துத் தரலாம். சுமைதாங்கிக் கல்லின் இன்றைய வடிவம் அதுவாகும்.

முறையிடுவதிலும் ஒரு முறை உண்டு. தனி ஒருவர் வாய்மொழியாகச் சொல்வதைவிட, அன்பர்கள் பலர் கையொப்பமிட்ட மனு வலிமை பெறும். எந்த இடம், எந்த நேரம், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள், அவர்களில் முதியோர் எத்தனை பேர் என்பதை இரண்டு மூன்று நாள் எண்ணிக் குறித்து மனுவில் சேர்க்க வேண்டும். அழிந்துபோன வெள்ளைக் கோடுகளை மீண்டும் வரைதல், நடுத்திட்டு, வேகத்தடை, சிக்னலில் கூடுதல் வினாடி என வேண்டுவதைத் தெளிவாக எழுத வேண்டும். நகல்களை வார்டு உறுப்பினருக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் அளிக்க வேண்டும். சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் பதிவு செய்யலாம். ஆராய்ச்சி மணி இன்று இவ்வாறான வடிவங்களில் தொங்குகிறது. அதை அசைக்கத்தான் ஒருவர் வேண்டும்.

கடக்கும் வேளையில்

சாலைகள் செம்மையாகும் வரை முதியோர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளவும் வேண்டும். அதற்கான எளிய நெறிகள் சில:

சற்றுச் சுற்றாக இருந்தாலும் சிக்னல் உள்ள இடத்திலோ, நடுத்திட்டு உள்ள இடத்திலோ கடப்பது நன்று. பச்சை விளக்கு பாதியில் இருக்கும்போது புறப்படாமல், அடுத்த முறை அது எரியத் தொடங்கும்போது புறப்பட்டால் முழு நேரமும் கிடைக்கும்.

வாகனங்கள் இடப்புறம் செல்லும் நாடு இது. ஆதலால் முதலில் வலப்புறமும், பின் இடப்புறமும், மீண்டும் வலப்புறமும் பார்க்க வேண்டும். ஒருவழிப் பாதையிலும் எதிர்த்திசையில் வருவோர் உண்டு என்பதை மறக்கலாகாது.

நின்றிருக்கும் பேருந்தின் முன்னால் கடப்பது மிகவும் ஆபத்தானது. பேருந்தின் மறைவிலிருந்து வெளிப்படும் முதியவரைப் பின்னால் வரும் இரு சக்கர வாகன ஓட்டி கடைசி நொடியில்தான் காண்பார். பேருந்து நகர்ந்த பிறகே கடக்க வேண்டும்.

கையை உயர்த்திக் காட்டி, ஓட்டுநர் தம்மைக் கண்டுகொண்டார் என்று உறுதி செய்துகொண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். ஒரு வாகனம் நின்றுவிட்டது என்று நம்பி நடந்துவிடலாகாது. அதன் மறுபுறத்தில் மற்றொன்று நிற்காமல் வரக்கூடும். தனியே கடப்பதினும் நான்கைந்து பேர் சேர்ந்து கடப்பது பாதுகாப்பு. நடுவழியில் தயங்கிப் பின்வாங்குவது ஓட்டுநரையும் குழப்பும்.

மார்கழி விடியலில் வெளிர் நிற ஆடை உடுத்துவதும் கையில் சிறிய டார்ச் விளக்கு வைத்திருப்பதும் நன்மை தரும். மாலையணிந்து கருப்பும் நீலமும் உடுத்தும் அன்பர்கள் இருளில் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்கள் தோள்மீது வெண்ணிறத் துண்டு ஒன்றைப் போர்த்திக்கொள்ளலாம். பழனி பாதயாத்திரை செல்வோரின் பைகளில் ஒளிரும் பட்டைகளைக் காவல்துறையினர் ஒட்டுவது இக்காரணத்தால்தான். நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி வலப்புற ஓரமாக நடப்பது நல்லது. ஆண்டுக்கொரு முறை கண்ணையும் செவியையும் பரிசோதித்துக்கொள்வதும் பாதுகாப்பின் பகுதியே.

விபத்து நேர்ந்துவிட்டால் உடனே 108 எண்ணுக்கு அழைக்க வேண்டும். உதவி செய்ய முன்வருவோர் வழக்கில் சிக்க நேரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. இச்செய்தி ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டிலிருக்கும் தேரோட்டி

சாலையில் விரையும் வாகனங்களை ஓட்டுவோர் வேற்று உலகத்தவர் அல்லர். காலையில் பாட்டியை வணங்கித் திருநீறு பெற்றுக்கொண்டு புறப்படும் பேரன்தான், பத்து நிமிடம் கழித்து வேறொரு பாட்டியின் முன்னால் ஹாரனை அலறவிடுகிறான். வீட்டில் காட்டும் மரியாதை வாசற்படியோடு நின்றுவிடுகிறது. அதை வீதிக்குக் கொண்டு செல்லும் பொறுப்பு, அவனை வளர்த்த பெரியோருக்கு உண்டு.

தந்தையே மைந்தனின் பிழையைக் கேட்டான் என்பதே திருவாரூர் வரலாற்றின் உயிர்நாடி. இன்றைய சட்டமும் இங்கே தந்தையை நோக்குகிறது. வயது நிரம்பாத பிள்ளை வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோர் அல்லது பாதுகாவலரும் வாகன உரிமையாளரும் மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவு கூறுகிறது. தண்டனைக்கு அஞ்சி வண்டிச் சாவியை மறைத்து வைப்பது ஒரு வழி. வண்டியைத் தரும் நாளில் அதன் பொறுப்பையும் சேர்த்துச் சொல்லித் தருவது மேலான வழி.

புதிய வாகனம் வாங்கினால் அதைக் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டுவது வழக்கம். அந்த வேளையில் வீட்டுப் பெரியவர், ஓட்டப்போகும் பிள்ளையிடம் ஒரு வாக்குப் பெற்றுக்கொள்ளலாம். கடவுக் கோட்டில் ஒருவர் நின்றால் வண்டியை நிறுத்துவேன். முதியவர் முழுதும் கடக்கும்வரை பொறுத்திருப்பேன். கோயில் வீதியில் விரைந்து ஓட்டேன் என்பதே அவ்வாக்கு. சந்நிதியில் தந்த வாக்கைப் பிள்ளைகள் எளிதில் மறப்பதில்லை.

திருவாரூர்ப் பெருமானுக்கு வீதிவிடங்கர் என்றும் திருநாமம் உண்டு. கருவறையில் இருப்பவனே வீதிக்கும் உரியவன் என்பது அத்திருநாமத்தை ஓதும்போது நெஞ்சில் நிற்க வேண்டும். அவனைக் காண நடந்து வரும் முதிய அடியார் ஒருவருக்காகச் சில வினாடி வண்டியை நிறுத்துபவர், கோயிலுக்குள் நுழையாமலே ஒரு வழிபாட்டை முடித்தவராகிறார்.